முஸ்தபா பாய்க்கு வைரசு இல்லை

நாட்டில் எத்தனையோ வாரியங்கள் இருக்கின்றன. கோழிக்கு ஒன்று, கொய்யாவுக்கு ஒன்று, எதற்கென்றே தெரியாமல் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்திருக்கும் ஆட்களுக்காக ஒன்று. உத்திரமேரூருக்கு மட்டும் ஓரவஞ்சனையா என்று மேலிடத்தில் யாரோ இரக்கப்பட்டு, இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதத்தில் ஊருக்கு ஒரு வாரியத்தை இறக்கிவிட்டார்கள். 'வட்டாரக் கணினி நல வாரியம்' என்று பலகை. பழைய உரக் கிடங்கில் ஆபீஸ். வீடுகளில் இருக்கும் கம்ப்யூட்டர்களை வைரஸ் அண்டாமல் காப்பது அதன் திருப்பணி. அந்த நாளில் ஊரில் கம்ப்யூட்டர் வைத்திருந்த வீடுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். வாரியத்தில் சம்பளம் வாங்குகிறவர்களை எண்ணத்தான் கால் விரல்களும் வேண்டியிருந்தது.

அந்த ஒரு கை விரலில் ஒரு விரல் முஸ்தபா பாய். பஜார் தெருவில் கயிற்றுக் கடை. மூக்கணாங்கயிறு, கிணற்றுக் கயிறு, லாரிக்குக் கட்டும் நைலான் கயிறு என்று எல்லாம் கிடைக்கும். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: அதன் மேல் தேநீர் டம்ளர் வைத்தால் மகள் கத்துவாள். மகள் சனோபர் ஏனாத்தூரில் கம்ப்யூட்டர் படிப்பில் கடைசி வருஷம். அவளுடைய ப்ராஜெக்ட் முழுக்க அந்தப் பெட்டிக்குள் இருந்தது. எந்த ஊருக்கு எந்த பஸ் எப்போது வரும், ஏற்கெனவே போய்விட்டதா என்று தட்டினால் சொல்லும் புரோகிராம். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் அதுவரை அந்த வேலையைப் பார்த்துவந்தவர் டீக்கடைக்காரர், அவர் சொன்னது என்றைக்கும் சரியாக இருந்ததில்லை.

சென்னையில் ஒரு கம்பெனி சனோபரை வேலைக்கு எடுத்திருந்தது. ப்ராஜெக்டைக் காட்டிப் பரீட்சையை முடித்துவிட்டு வா என்றது. முடிக்காவிட்டால் வேலையில்லை. வேலையில்லாவிட்டால் அவள் அம்மா மெஹர்பானுவின் அண்ணன் வந்தவாசியில் ஒரு மாப்பிள்ளையைக் குளிப்பாட்டித் தயாராக வைத்திருந்தார். "நீ முடிச்சிட்டு வேலைக்குப் போம்மா, உங்க மாமன நான் பாத்துக்கிறேன்" என்று முஸ்தபா மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மொத்தத்தில் அந்தப் பெண்ணின் வாழ்க்கை ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது.

பங்குனி வெயில் ஏறிய ஒரு காலையில் வேதகிரி வந்தார். வேதகிரி வாரியத்தில் உதவியாளர். அதற்கு முன்னால் முஸ்தபாவின் சிநேகிதர். சனோபர் பிறந்த அன்று கொட்டுகிற மழையில் ஓடிப்போய் வண்டி பிடித்து வந்தவர் அவர்தான். தேர் பார்க்க அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவரும் அவர்தான். அவள் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"இன்னா பாய், ஊர் பூரா வைரஸ் வைரஸ்னு பேஜாரா கீது, நீ பாட்டுக்கு கயிறு அளந்துகினு கீறே? சர்டிபிகேட்டு வாங்கிட்டியா?"

"இன்னா சர்டிபிகேட்டு?"

"உங்க வூட்டு கம்ப்யூட்டர்ல வைரஸ் இல்லன்னு வாரியம் குடுக்கற சர்டிபிகேட்டு. நாளிக்கு எதுனா ஆச்சின்னா பாப்பா ப்ராஜெட்டு இன்னா ஆவறது? நான் கீறேன், முடிச்சிக் குடுக்கறேன்."

கடைக்குச் சாப்பாட்டுக் கூடை கொண்டு வந்திருந்த சனோபருக்கு இது காதில் விழுந்தது. "மாமா, நான் ஆன்ட்டி வைரஸ் போட்டுகீறேன். வாரா வாரம் அப்டேட் பண்ணிக்கினுதான் கீறேன். ஒண்ணும் இல்ல."

"அது தனியாருமா," என்றார் வேதகிரி, அனுதாபத்தோடு. "அதுல சீலு கீதா?"

சீல் இல்லை. முஸ்தபா அங்கேயே விழுந்துவிட்டார். சீல் இல்லாத எதையும் வாழ்நாளில் நம்பியறியாத மனுஷர். மகளைப் பார்த்து, "சர்க்கார் காரியம்மா, கெட்டாப் போவும்? அதுவும் நம்ம வேதகிரி கீறாரு" என்றார்.

வேதகிரிக்கு அந்த மாதம் ஒரு சான்றிதழாவது வழங்கிக் காட்டியாக வேண்டியிருந்தது என்பதை அவர் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. நாம் எங்கே கேட்கிறோம்?

இரண்டு நாளில் நச்சு ஒழிப்புப் பிரிவு முஸ்தபா வீட்டு வாசலில் வந்து இறங்கியது. ஒரு வாளி பினாயில், ஒரு கைத்தெளிப்பான், நாலைந்து ஆட்கள். தலைவர் ஆய்வாளர் சின்னராசு. முன்பு கொசு ஒழிப்பில் நல்ல பேர் எடுத்தவர், அந்தப் பேரோடு அப்படியே மாற்றலாகி வந்திருந்தார்.

"வூட்ல யாருக்குனா ஜொரம், இருமல் கீதா?" என்று ஆரம்பித்தார்.

"இல்லீங்க" என்றாள் மெஹர்பானு, முக்காட்டை இழுத்துக்கொண்டு.

"தண்ணி தேங்கற எடம்? டயரு, தேங்கா மூடி?"

தொட்டியை எட்டிப் பார்த்தார். மேஜைக்குக் கீழே தெளித்தார். கீபோர்டை டெட்டால் பஞ்சால் துடைத்தார். பிறகு சுண்டெலி போலக் கிடந்த சாமானைச் சுட்டிக்காட்டி, "இது இன்னா?" என்றார்.

"மவுஸ் சார்" என்றாள் சனோபர்.

"மவுஸுன்னா?"

"எலி" என்றார் பின்னால் நின்ற ஓர் ஆள், தனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று காட்டிக்கொள்ள.

ஆய்வாளர் ஓரடி பின்வாங்கினார். "எலிய வூட்ல வச்சிகினுதான் வைரஸ் இல்ல வைரஸ் இல்லன்னு சொல்லிகினு கீறீங்களா? எலிக்காச்சலு எங்கேருந்து வருது?" மவுஸைப் பாலிதீன் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, திரும்பவும் மேஜை மேலேயே வைத்துவிட்டார். எடுத்துப்போக விதி இல்லையாம்.

எடுத்துப்போக விதி இருந்தது பிளாப்பிகளுக்குத்தான். சனோபர் தன் ப்ராஜெக்டைத் துண்டு துண்டாகப் பிளாப்பிகளில் நகல் எடுத்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தாள். ஆய்வாளர் டின்னைத் தூக்கி, "தொற்றுப் பொருள்" என்றார்.

"ஐயோ சார், அதாங்க என் காப்பி. அதுலதான் எல்லாம் பத்திரமா கீது!"

"பத்திரமா கீற எடத்துலதாம்மா கிருமி ஒளிஞ்சிகினு இருக்கும்."

அவள் டின்னை மார்போடு அணைத்துக்கொண்டாள். விடமாட்டேன் என்றாள். முஸ்தபாதான் வாங்கிக் கொடுத்தார். "குடுத்துடுமா. பொட்டிலதான் அசலு கீதே. சர்க்காரு ஆளுங்க, பாத்துட்டு குடுத்துடுவாங்க." அவள் அவரைப் பார்த்த பார்வையை அவர் அப்போது கவனிக்கவில்லை.

சர்க்கார் ஆட்கள் பார்க்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கிடங்குக்குப் பின்னால் இருந்த திடலில் ஷாமியானா போட்டு, நாதஸ்வரம் வைத்து, தொற்றுப் பொருட்களைக் கொளுத்தினார்கள். தொற்றுப் பொருட்கள் என்றால் சனோபரின் பிளாப்பிகளும், குவியல் சிறிதாகத் தெரியக் கூடாதே என்று சேர்த்துப்போட்ட பழைய சைக்கிள் டயர்களும். மண்டல அலுவலர் செந்தமிழன் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு பேசினார்.

"ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலே போட்டுத் தேர்தல் நடத்திய ஊர் இது! அந்த ஓலைக்கு நச்சு வந்ததா? வரவில்லை! ஏன் வரவில்லை? அன்றைக்கே நம்மவர்களிடம் விழிப்புணர்வு இருந்தது! இன்று கணினி வந்திருக்கிறது. கணினி என்றால் என்ன என்று நான் இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை. ஆனால் அதைக் காக்க என் உயிரையும் கொடுப்பேன். பாதுகாப்பு என்பது என்ன? இருப்பதை இல்லாமல் செய்துவிட்டால் அதற்கு ஆபத்தே வராது. அதுதான் பாதுகாப்பு!"

கை தட்டினார்கள். சனோபர் புகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முஸ்தபாவும் கை தட்டினார், எல்லோரும் தட்டினார்களே என்று.

செந்தமிழன் பேருக்கேற்ற மனிதர். வாரியத்துக்கு வந்த கையோடு ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தார்: கோப்புகளில் ஸ், ஷ், ஜ, ஹ ஆகிய வடவெழுத்துகள் தலைகாட்டக் கூடாது. ஆகவே வைரஸ் 'வைரசு' ஆயிற்று. முஸ்தபா 'முசுதபா' ஆனார். "இன்னாரது இல்லத்தில் வைரசு இல்லை" என்று வேதகிரி வாசகம் எழுதித் தட்டச்சர் ஆதிலட்சுமியிடம் கொடுத்தார். கம்ப்யூட்டரைக் காக்கும் வாரியத்தில் எழுத்து வேலை எல்லாம் டைப்ரைட்டரில்தான். இருந்த ஒரே கம்ப்யூட்டர் அலுவலர் அறையில் வெல்வெட் உறைக்குள் இருந்தது. மத்தியானத்தில் அவர் அதில் சீட்டு ஆடுவார்.

ஆதிலட்சுமி இதற்கு முன் வேலை பார்த்த ஆபீசில் வாரிசுச் சான்றிதழாகவே தட்டித் தட்டித் தேய்ந்தவர். கண் காகிதத்தைப் பார்க்கும், கை தன் பழக்கத்துக்குத் தட்டும். வைரசு என்று கண் பார்த்தது. வாரிசு என்று கை தட்டியது. வேதகிரி சுருக்கொப்பம் போட்டார், செந்தமிழன் முழு ஒப்பம் போட்டார், கடைநிலை ஊழியர் ஓங்கிச் சீல் குத்தினார். யாரும் படிக்கவில்லை. படிப்பது அவர்கள் யாருக்கும் ஒதுக்கிய வேலை இல்லை.

சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்ட ஆணி தேடிக்கொண்டிருந்தார் முஸ்தபா. சனோபர்தான் படித்தாள்.

"அத்தா, இன்னா இது? 'திரு. முசுதபா என்பாரது இல்லத்தில் வாரிசு இல்லை'ன்னு போட்டுகீது?"

"வைரஸுமா."

"வாரிசு அத்தா! வாரிசுன்னா நான்!"

அன்று சாயங்காலமே வேதகிரியைப் பிடித்துக் காட்டினார். வேதகிரி சிரித்தார். "ஒரு எழுத்து மாறிகீது பாய். இதுக்குப் போயி. சீலு எப்டி விழுந்துகீது பாரு, தெளிவா!" சீல் தெளிவாகத்தான் இருந்தது. முஸ்தபா சமாதானமாகி வீட்டுக்கு வந்து ஆணி அடித்தார்.

வாரியத்தில் சொத்துப் பிரிவு என்று ஒன்று இருந்தது. தொடங்கிய நாளிலிருந்து அதற்கு வேலையே இல்லை. சான்றிதழின் நகல் அங்கே போனதும் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டதாம். மறுநாள் காலை, சனோபர் குளித்துவிட்டு வருவதற்குள், மாட்டு வண்டியோடு வந்துவிட்டார்கள்.

"வாரிசு இல்லாதவங்க கம்ப்யூட்டரு, அவங்க காலத்துக்கு அப்புறம் வாரியத்துக்குச் சேரும்" என்றார் வந்தவர்.

"நான் இன்னும் உயிரோட கீறனேய்யா!"

"கீறீங்க பாய், யாரு இல்லன்றது? நீங்க பூட்டப்புறம் வந்தா வூட்ல அழுவாங்க, எங்களுக்கும் கஷ்டமா கீது. அதான் முன்கூட்டியே எடுத்துக்கறது."

ஈரத் தலையோடு ஓடிவந்த சனோபர் வண்டியின் பின்கட்டையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை போனாள். மாடு நிற்கவில்லை. அந்த வாரக் கடைசியில் அவள் ப்ராஜெக்டைக் காட்டியாக வேண்டும்.

அப்பனும் மகளும் கிடங்குக்குப் போனார்கள். முஸ்தபா ரேஷன் அட்டையைக் கையோடு கொண்டுபோயிருந்தார். செந்தமிழன் மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். பக்கத்தில் கோப்போடு வேதகிரி நின்றார். வேதகிரியைப் பார்த்ததும் முஸ்தபாவுக்குப் பாதி உயிர் வந்தது.

"சார், எழுத்துப் பிசகு ஆயிடுச்சி. இதோ என் பொண்ணு. எனக்கு இது ஒண்ணுதாங்க."

"வாரியத்தில் பிழை நேராது," என்றார் செந்தமிழன். "நேர்ந்தால் எழுதுவதற்கென்று ஒரு பதிவேடே வைத்திருக்கிறோம். அதில் இன்றுவரை ஓர் எழுத்துகூட இல்லை. ஆகவே பிழை நேரவில்லை."

"அப்ப இவ யாருங்க?"

"இவர் நிற்பதை நான் மறுக்கவில்லை. உங்கள் மகளாக நிற்கிறாரா என்பதுதான் கேள்வி."

ரேஷன் அட்டையை நீட்டினார் முஸ்தபா. அலுவலர் வாங்கி, கண்ணாடியை ஏற்றி, சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "இந்த அட்டையில் முஸ்தபா என்று இருக்கிறது. சான்றிதழில் முசுதபா. இந்த முஸ்தபாவுக்கு மகள் இருக்கலாம், மனமார வாழ்த்துகிறேன். அந்த முசுதபாவுக்கு இல்லை."

"திருத்திக் குடுங்க சார்," என்றாள் சனோபர். "'இல்லை'ன்றத அடிச்சிட்டு 'உண்டு'ன்னு எழுதுங்க. அவ்ளோதானே?"

"தாராளமாக," என்றார் செந்தமிழன். "ஆனால் அம்மா, எங்களிடம் சொல் ஒன்றுதான். சொத்துப் பிரிவு அதை வாரிசு என்று படிக்கும். ஒழிப்புப் பிரிவு வைரசு என்று படிக்கும். 'உண்டு' என்று நான் எழுதிய மாத்திரத்தில் ஒழிப்புப் பிரிவு வந்து உள்ளே இருப்பதை எல்லாம் சுத்தமாக அழித்துவிடும். பெட்டி உங்களுக்கு வந்துவிடும். உள்ளே ஒன்றும் இருக்காது."

"ஐயோ, உள்ள கீறதுதாங்க வேணும்!"

"அப்படியானால் 'இல்லை' என்றே இருக்கட்டும். உள்ளே இருப்பதை வெளியாள் யாரும் விண்ணப்பித்து சி.டி.யில் நகல் வாங்கிக்கொள்ளலாம். நீங்கள் வெளியாள்தானே? முசுதபா மட்டும் தமக்கு வாரிசு இல்லை என்று தம் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டால் போதும்."

முஸ்தபாவுக்குக் கடைசியாகப் பிடித்துக்கொள்ள ஒரு கை இருந்தது. வேதகிரி பக்கம் திரும்பினார். "யோவ் வேதகிரி, இன்னாய்யா வேடிக்கை பாத்துகினு கீறே? சொல்லுய்யா சார்கிட்ட. இவ பொறந்தப்ப மழையில வண்டி கொண்டாந்தது யாரு? தோள்ல தூக்கிகினு அலைஞ்சது யாரு? நீ ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிடும்."

"ஆமாம், சாட்சி இருந்தால் பிழைப் பதிவேட்டைத் திறக்கலாம்," என்றார் செந்தமிழன். "சுருக்கொப்பம் யாருடையதோ அவருக்குத்தான் முதல் மெமோ போகும். வேதகிரி, உமக்கு இவர்களைத் தெரியுமா?"

வேதகிரி மின்விசிறியைப் பார்த்தார். பிறகு கோப்பைப் பார்த்தார். சனோபர் இருந்த பக்கம் மட்டும் அவர் கண் போகவில்லை.

"பாயைக் கடையில அப்பப்ப பாத்துகீறேன் சார். புள்ள குட்டி யாரும் இருக்கறதா என் கவனத்துக்கு வரலீங்க."

முஸ்தபாவுக்குக் கோபம்கூட வரவில்லை. கடன்காரன் ஏமாற்றினால் கத்தலாம், கடைச் சாமான் திருடு போனால் போலீசுக்குப் போகலாம். இதற்கு எங்கே போவது? அந்தப் பாவி மனுஷன் பக்கத்தில்தான் நின்றான். கையை நீட்டினால் சட்டையைப் பிடித்திருக்கலாம்.

சனோபர்தான் முதலில் தேறினாள். "அத்தா, எழுதிக் குடுத்துடு."

"எப்டிம்மா எழுதுவேன் அத?"

"பேனாவாலதான். எழுது. எனக்கு ப்ராஜெக்டு வந்தா போதும்." தன் பேனாவைத் திறந்து அவர் கையில் வைத்தாள்.

எழுதினார். 'எனக்கு வாரிசு இல்லை.' கையெழுத்தில் இருந்த ஸ்-ஐ அடித்துவிட்டு சு போடச் சொன்னார்கள், போட்டார். வாய்விட்டு ஒரு தரம் படிக்க வேண்டும், அதுதான் நடைமுறை என்றார் செந்தமிழன். மகளைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு அந்த மனிதர் வாய்விட்டுப் படித்தார். சனோபர் சன்னலுக்கு வெளியே அடுக்கியிருந்த யூரியா சாக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய விண்ணப்பத்தில் 'உரிமையாளருக்கு உறவு' என்ற இடத்தில் வேதகிரியே 'இல்லை' என்று நிரப்பிக் கொடுத்தார். உதவி செய்கிற கை சும்மா இருக்குமா?

வெல்வெட் உறையை நீக்கி, சீட்டாட்டத்தைப் பாதியில் நிறுத்தி, பெட்டியில் இருந்த ப்ராஜெக்டை அலுவலரின் கம்ப்யூட்டருக்கு மாற்றி அதிலேயே சி.டி. போட்டுக் கொடுத்தார்கள். அதன் மேலும் ஒரு சீல்.

சனோபர் அதைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு நேரே காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறினாள். கூடப் படிக்கும் ஜெனிஃபர் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது. சி.டி.யை உள்ளே தள்ளியதும் திரை சிவப்பாகிக் கத்த ஆரம்பித்தது. உத்திரமேரூரில் அன்றுவரை யாரும் நேரில் பார்த்திராத வைரஸ் அத்தனையும் அதில் இருந்தன. சீட்டாட்டத்தோடு எந்தக் காலத்திலோ உள்ளே வந்து, வெல்வெட் உறைக்குள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தவை. ப்ராஜெக்டின் ஒவ்வொரு ஃபைலும் பெயரளவில் இருந்தது. திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. போகிற போக்கில் ஜெனிஃபரின் கம்ப்யூட்டரும் படுத்துக்கொண்டது.

இன்னொரு நகல் கேட்டதற்கு, சொத்தாகச் சேர்ந்த பெட்டியை அன்றே துடைத்தாகிவிட்டது என்றது வாரியம். காலேஜில் அடுத்த வருஷம் வந்து காட்டு என்றார்கள். சென்னைக் கம்பெனி வேறு ஆளைப் போட்டுக்கொண்டது. வந்தவாசி மாமன் பிரியாணி அரிசியோடு வந்து இறங்கினார். சனோபர் அழவில்லை. ஒரே ஒரு தடவைதான் அப்பனிடம் பேசினாள். "ஒண்ணும் இல்லன்னு நான் சொன்னேன் அத்தா. நீ என்ன நம்பல, சீல நம்பினே." அதற்கப்புறம் சாப்பாட்டுக் கூடையை அவள் அம்மாதான் கடைக்குக் கொண்டுவந்தாள்.

வாரியத்தின் ஆண்டறிக்கையில் உத்திரமேரூர் வட்டாரத்தில் வைரசு அறவே இல்லை என்று வந்தது. செந்தமிழனுக்குப் பதவி உயர்வு. முஸ்தபாவின் பெட்டி அவர் அறையில் இரண்டாவது கம்ப்யூட்டராக உட்கார்ந்தது. ஒன்றில் சீட்டு, ஒன்றில் செஸ்.

பத்து நாள் கழித்து ஒரு காலை, நாஷ்டா முடித்த கையோடு வேதகிரி கயிற்றுக் கடைப் படியேறினார். ஒன்றுமே நடக்காத முகம்.

"இன்னா பாய், அந்தப் பக்கமே காணோம்? கோச்சிக்கினியா? அது ஆபீசு பாய், இது பஜாரு. ஆபீசுல பேசறது வேற. கேஸெட்டு மாதிரி, பக்கம் மாத்திப் போட்டாதான் பொழப்பு ஓடும். சரி, அத விடு. கொடி கட்ட கயிறு ஒரு பத்து முழம் குடு."

முஸ்தபா கயிற்றுச் சுருளை எடுத்துப் பிரித்து, முழங்கையில் வைத்து அளக்க ஆரம்பித்தார்.

வேதகிரி பெஞ்சில் சாவகாசமாக உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "பாப்பா எப்டி கீது பாய்? கண்ணுலயே படல?"

முஸ்தபா அளந்த கயிற்றை அறுத்து, சுருட்டி, முடிச்சுப் போட்டு அவர் மடியில் வைத்தார்.

"எந்தப் பாப்பா, சார்?" என்றார்.